கேதம் சொல்ல எந்த வழி: வட்ஸ்அப்பா, குறுஞ்செய்தியா, ஆளா?

சென்ற ஆடி மாதம் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் ஒரு சாவு விழுந்தது. விடியற்காலை 4.40-க்கு உயிர் பிரிந்தது. ஐந்து மணிக்கு முன்பே மரண உதவிச் சங்கத்தின் வட்ஸ்அப் குழுவில் கேதம், அதாவது சாவுச் செய்தி, போட்டுவிட்டேன். சங்கத்துக்குச் செயலாளர் நான்தான். பெரட்டுக்கு, அதாவது காலையில் வேலை பிரிக்கும் இடத்துக்கு, ஆட்கள் கூடுவதற்குள் குழுவில் இருப்பவர்கள் பெரும்பாலும் பார்த்துவிட்டார்கள். கும்பிட்ட கைகளும் கண்ணீர் முகங்களும் வரிசையாக வந்து விழுந்தன. கொழும்பில் கடைகளில் நிற்கும் பிள்ளைகள் எழுதினார்கள். குவைத்தில் வீட்டு வேலை செய்யும் அக்கா ஒருவர் அழுதுகொண்டே குரல்பதிவு அனுப்பினார்.

இறந்தவரின் கூடப்பிறந்த அண்ணன் மேல் லயத்தில், மலை மேலுள்ள தொழிலாளர் வரிசை வீடுகளில், இருக்கிறார். ஏற்றமாக நடந்தால் இருபது நிமிடம். அவரிடம் இருப்பது பட்டன் போன். தம்பி போன செய்தி அவருக்குப் பகல் பதினொரு மணிக்குத்தான் தெரிந்தது. அதுவும் கீழேயிருந்து தப்பு மேளச் சத்தம் கேட்டு, யார் வீட்டில் என்று வழியில் போன பையனிடம் விசாரித்தபோது.

காரியம் முடிந்த பிறகு என்னைப் பார்த்த அவர் ஏசவில்லை. "குவைத்துக்குத் தெரிந்திருக்கிறது டீச்சர், எனக்கு ஓர் ஆள் அனுப்பவில்லையே" என்று மட்டும் சொன்னார். அந்தச் சொல் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அதன் பிறகுதான் சங்கத்தில் இந்தப் பேச்சு எழுந்தது. இனி எந்தச் செய்தியை எந்த வழியில் சொல்வது? இளைஞர்கள் வட்ஸ்அப் ஒன்றே போதும் என்றார்கள். பொருளாளர் மாமா எல்லோருக்கும் குறுஞ்செய்தி அனுப்பலாம் என்றார். வயதானவர்கள் பழையபடி ஆள்விட்டுச் சொல்லுங்கள் என்றார்கள். முடிவு எடுப்பதற்கு முன் ஒவ்வொன்றையும் பார்த்துச் சொல்லும்படி என்னிடம் விட்டார்கள். ஒரு மாதம் லயம் லயமாகக் கேட்டுத் திரிந்தேன். நான் கண்டதை இங்கே எழுதுகிறேன். கோயில் கமிட்டி, மாதர் சங்கம், பாடசாலை அபிவிருத்திச் சங்கம் என்று இதே குழப்பத்தில் இருப்பவர்கள் மலையகம் முழுக்க இருப்பார்கள்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். செய்தி போட்டாயிற்று என்பது வேறு, செய்தி சேர்ந்துவிட்டது என்பது வேறு. எத்தனை பேருக்கு எவ்வளவு சீக்கிரம் போகிறது என்று நான் பார்க்கவில்லை. கடைசியாக யாருக்குத் தெரியவரும், எப்போது தெரியவரும் என்றுதான் ஒவ்வொரு வழியையும் பார்த்தேன்.

குறுஞ்செய்தியிலிருந்து தொடங்குகிறேன், போனில் எழுதி அனுப்பும் வழிகளில் மூத்தது அதுதான். 1992 டிசம்பர் 3 அன்று இங்கிலாந்தில் நீல் பாப்வர்த் என்ற இளம் பொறியியலாளர் தன் கணினியிலிருந்து ஒரு கையடக்கத் தொலைபேசிக்கு நத்தார் வாழ்த்து அனுப்பினார். உலகின் முதல் குறுஞ்செய்தி என்று அதைத்தான் சொல்கிறார்கள். அந்தத் தொலைபேசியில் பதில் எழுதும் வசதிகூட இருக்கவில்லை. அங்கிருந்து தொடங்கிய பழக்கம் இன்று பிரதானப் பாதைக்கே இரண்டு மைல் நடக்க வேண்டிய எங்கள் லயங்களிலும் தலையணைக்கு அடியில் கிடக்கிறது.

எங்கள் ஊர் நிலைமைக்கு குறுஞ்செய்தியின் பெரிய பலம், அதற்கு டேட்டா வேண்டாம் என்பது. பட்டன் போனுக்கும் போகும், டச் போனுக்கும் போகும். மலை மறைக்கும் இடங்களில் சிக்னல் ஒரு கோட்டுக்கு இறங்கி, பேசினால் குரல் அறுந்து அறுந்து வரும்போதும் குறுஞ்செய்தி பெரும்பாலும் புகுந்துவிடுகிறது. போன் அணைந்திருந்தால் செய்தி உடனே அழிந்து போவதில்லை. கம்பனியின் செய்தி மையத்தில் காத்திருந்து, போன் உயிர் பெற்றதும் வந்து சேர்கிறது. தென்மேற்குப் பருவமழையில் மின்சாரம் போய் இரண்டு நாள் போனுக்குச் சார்ஜ் இல்லாமல் கிடப்பவர்களுக்கு இது சின்ன விஷயம் அல்ல.

ஆனால் தமிழில் எழுதினால் ஓர் இடைஞ்சல் இருக்கிறது. அதை நான் விரல்விட்டு எண்ணித்தான் புரிந்துகொண்டேன். குறுஞ்செய்திக்கு 160 எழுத்து என்று எல்லோரும் சொல்வார்கள். 1985-ல் ஜெர்மனியின் பிரீட்ஹெல்ம் ஹில்லெபிரான்ட் தட்டச்சு செய்த வாக்கியங்களை எண்ணிப் பார்த்து, ஒரு சாதாரணச் செய்திக்கு இவ்வளவு போதும் என்று கண்ட அளவு அது. அவர் எண்ணியது ஆங்கில எழுத்து போன்ற எழுத்துகளை. ஒரு செய்திக்கு உள்ள இடம் 140 பைட். தமிழ் போன்ற எழுத்துகளுக்கு ஒவ்வொன்றுக்கும் இரண்டு பைட் வேண்டும் என்பதால் நமக்குக் கிடைப்பது 70 மட்டுமே. அந்த 70-ம் நாம் எண்ணுகிறபடி அல்ல. 'க' என்றால் ஒன்று. 'கு' என்றால் இரண்டு, 'க்' என்றாலும் இரண்டு, ஏனென்றால் கொம்பும் புள்ளியும் தனித்தனியாகக் கணக்கில் ஏறுகின்றன.

கூட்டத்துக்கு நான் எழுதிய செய்தி இதுதான்: "நாளை காலை 9 மணிக்குச் சங்கக் கூட்டம். கோயில் மண்டபம். எல்லோரும் வரவும்." நம் கண்ணுக்கு இதில் 34 தமிழ் எழுத்துகள், ஓர் எண், மூன்று முற்றுப்புள்ளிகள். போனின் கணக்கில் இடைவெளிகளோடு 71. ஒன்றே ஒன்று கூடிவிட்டது. அதற்காகச் செய்தி இரண்டாக உடைந்து, இரண்டு செய்திக்குக் காசு போகும். கடைசி முற்றுப்புள்ளியை எடுத்தால் சரியாக 70. தொண்ணூறு குடும்பங்களுக்கு மேல் உள்ள சங்கத்தில் அந்த ஒரு புள்ளி ஒவ்வொரு கூட்டத்துக்கும் தொண்ணூறு செய்திக் காசை மிச்சப்படுத்துகிறது. கேதச் செய்தி இன்னும் நீளும். இறந்தவர் பெயர், லயம், அடக்கம் எப்போது என்று மூன்றையும் எழுதினால் 70-க்குள் நிற்காது.

இந்தக் காசுக்காகவே பலர் தமிழை ஆங்கில எழுத்தில் எழுதிப் பழகிவிட்டார்கள். பழைய போன்களில் தமிழ் கட்டம் கட்டமாக வந்ததும் ஒரு காரணம். எனக்கு அது பிடிக்கவில்லை, அது வெறும் மொழிப்பற்று அல்ல. 'களை' என்றால் தோட்டத்தில் ஒரு வேலை. 'கலை' என்றால் பாடசாலையில் ஒரு விழா. ஆங்கில எழுத்தில் இரண்டும் ஒரே மாதிரி நிற்கும். அதைவிட, தமிழ் மட்டும் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த தலைமுறை ஒன்று எங்கள் லயங்களில் இருக்கிறது. ஐந்தாம் வகுப்போடு கொழுந்துக்குப் போன அம்மாமார்கள் அவர்கள். ஆங்கில எழுத்தில் ஒரு செய்தி அனுப்பினால் அவர்கள் முகத்தில் கதவைச் சாத்தியது போல. பிள்ளை பாடசாலையிலிருந்து வரும்வரை போனைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருப்பார்கள். எங்கள் சங்கம் எதை அனுப்பினாலும் தமிழ் எழுத்தில்தான் அனுப்ப வேண்டும் என்பதில் நான் விட்டுக்கொடுக்கப் போவதில்லை.

குறுஞ்செய்தியால் வாழ்க்கையே மாறிய ஒருவரை இங்கே சொல்ல வேண்டும். எங்கள் பிரிவில் பிறவியிலேயே காது கேளாத தம்பி ஒருவர் தச்சு வேலை செய்கிறார். முன்பெல்லாம் வேலை வேண்டுமென்றால் அவருடைய அண்ணனுக்குத்தான் அழைப்பார்கள். அண்ணன் விலை பேசுவார், அண்ணன் காசு வாங்குவார். இப்போது யன்னலின் அகலம், உயரம், பலகை என்ன, என்றைக்கு வேண்டும் என்று எல்லாம் எழுத்தில் அவருக்கே நேரே போகிறது. விலையும் அவரே எழுதுகிறார். நான் கேட்ட கேள்விக்கு அவர் எழுதிய பதில்: "இப்போது என்னோடு பேசுகிறார்கள்." எழுத்துச் செய்தி மனிதர்களைப் பிரித்துவிட்டது என்று சொல்பவர்கள் அவர் பட்டறைக்கு ஒரு நாள் வந்து பார்க்க வேண்டும்.

இனி வட்ஸ்அப். அதைக் குறைத்துச் சொல்ல எனக்கு வாய் வராது. 2009-ல் தொடங்கி, 2014-ல் பேஸ்புக் வாங்கிய இந்தச் செயலி எங்கள் மக்களுக்குக் கொடுத்தது வெறும் அரட்டை அல்ல. 2020-ல் பாடசாலைகள் மூடிக் கிடந்தபோது எங்கள் பிள்ளைகளுக்குப் பாடம் வந்தது அதன் வழியேதான். ஒரு வீட்டில் ஒரு டச் போன், மூன்று பிள்ளைகள், சிக்னல் கிடைக்கும் பாறையில் மாலை வெயில் இறங்கும்வரை காத்திருப்பு. அந்தக் காலத்தில் வாங்கிய போன்கள்தான் இன்றும் பல வீடுகளில் ஓடுகின்றன.

நடு லயத்து அக்கா ஒருவரின் கதையைக் கேளுங்கள். அவருக்கு எழுத்து அவ்வளவாக வராது, எண் தெரியும். மகள் கொழும்பில் ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறாள். தினமும் மாலை மடுவத்தில் கொழுந்து நிறுத்து முடிந்து வீட்டுக்கு வந்ததும் அக்கா மகளுக்கு ஓர் எண்ணை மட்டும் அனுப்புகிறார். 17. 19. மழை நாளில் 11. அன்று எடுத்த கொழுந்து, கிலோக் கணக்கில். அதற்கு மேல் ஒரு சொல் கிடையாது. அம்மா வீடு வந்து சேர்ந்துவிட்டாள், உடம்பு சரியாக இருக்கிறது, இன்றைக்கு முழுப் பேர், அதாவது முழு நாள் சம்பளம், விழுந்தது என்று மகளுக்கு அதிலேயே தெரிந்துவிடும். எண் வராத நாளில் மகள் உடனே அழைத்துவிடுவாள். ஒரு மாதம் சம்பளத் துண்டில் ஒரு நாளுக்கு அரைப் பேர் போட்டிருந்தது. மகள் போனைத் திறந்து அந்தத் திகதியைப் பார்த்தாள், 18 என்று இருந்தது. அதைக் காட்டிப் பேசித் திருத்தினார்கள். எழுதி வைத்தது என்று ஒன்று கையில் இருக்கும் பலம் எங்கள் பெண்களுக்கு இதற்கு முன் எப்போது இருந்தது?

ஆனால் இருவர் பேசிக்கொள்வது வேறு, குழு வேறு. நான் பார்த்த சிக்கல்கள் அத்தனையும் குழுவில்தான். சென்ற ஆண்டு சந்தா கட்டாதவர்களின் பெயரைக் குழுவில் போட்டோம். நான்தான் தட்டச்சு செய்தேன், அது பிழை. அதில் இருந்த ஒரு பெண்ணின் கணவர் வைத்தியசாலையில் இருந்தார், யாருக்கும் தெரியாது. மறுநாள் அந்தப் பெண் குழுவிலிருந்து விலகிவிட்டார், மூன்று மாதம் கூட்டத்துக்கே வரவில்லை. முன்பு பொருளாளர் வாசலில் நின்று தாழ்ந்த குரலில் கேட்டிருப்பார். அந்த வீட்டின் நிலையும் கண்ணில் பட்டிருக்கும். குழுவில் தாழ்ந்த குரல் என்று ஒன்று கிடையாது.

நீலக் கோடு இன்னொரு வம்பு. 2014 நவம்பரில் வந்த வசதி அது, செய்தியைப் படித்துவிட்டால் இரண்டு கோடும் நீலமாகும். "பார்த்துவிட்டுப் பதில் போடவில்லை" என்று சம்பந்திகளுக்குள் மனத்தாங்கலானதை நான் அறிவேன். பார்த்தவர் கொழுந்து மலையில் ஒரு கையால் கூடைக் கயிற்றைச் சரிசெய்துகொண்டு மறு கையால் போனைத் திறந்திருப்பார். அந்த நேரத்தில் என்ன பதில் போடுவது?

குழுச் செய்தியை அழுத்திப் பிடித்தால் யார் யார் படித்தார்கள் என்று காட்டும். சாவு விழுந்த அன்று காலை அந்தப் பட்டியலைப் பார்த்துத்தான் நான் நிம்மதியாக இருந்தேன். படிக்காதவர் யாரென்று அதில் தெரியும். குழுவிலேயே இல்லாதவரை எந்தப் பட்டியலும் காட்டாது.

அடுத்தது வதந்தி. எங்கள் பக்கத்தில் மழைக்காலம் என்றால் மண்சரிவுப் பயம். ஒருமுறை, மலை பிளந்துவிட்டது என்று ஒரு படம் இரவு எட்டு மணிக்குக் குழுவுக்கு வந்தது. கீழே எங்கள் பக்கத்துத் தோட்டத்தின் பெயர். குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு கொட்டும் மழையில் கோயிலுக்கு ஓடினார்கள். படத்தில் இருந்தது எங்கள் மலையே அல்ல. செய்தியின் மேல் இரட்டை அம்புக்குறி இருந்தால் அது பல கை மாறி வந்தது என்று பொருள், அதைக் கவனிக்க அன்று யாருக்கும் தெரியவில்லை. ஒரு செய்தியை ஒரு தடவையில் ஐந்து இடங்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடி 2019 ஜனவரியில் உலகம் முழுவதும் கட்டுப்பாடு வந்தது. பல கை மாறிய செய்தியை ஒரு இடத்துக்கு மட்டுமே அனுப்பலாம் என்று 2020 ஏப்ரலில் இன்னும் இறுக்கினார்கள். ஓடுகிற நெருப்பின் வேகத்தை அது குறைக்கும், அவ்வளவுதான். 2018 மார்ச்சில் கண்டி மாவட்டத்தில் திகன, தெல்தெனியப் பகுதிகளில் முஸ்லிம் மக்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டபோது, வெறுப்பைப் பரப்புகிறார்கள் என்று சொல்லி அரசாங்கம் பேஸ்புக், வட்ஸ்அப், வைபர் எல்லாவற்றையும் முடக்கியது. 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகும் சமூக ஊடகங்களை முடக்கினார்கள். எந்த நாளில் உறவினர் உயிரோடு இருக்கிறாரா என்று மனம் பதறுமோ, அந்த நாளிலேயே இந்த வழி அடைபடலாம். இதை ஒரே வழியாக நம்பியிருக்கும் சங்கம் அதை மனதில் வைக்க வேண்டும்.

குரல்பதிவைத் தனி வழியாகவே எண்ணுகிறேன், அது வட்ஸ்அப்புக்குள் இருந்தாலும். 2013-ல் வந்தது. எழுத்து வராதவர்களுக்கு அது கிடைத்த பேறு. ஓர் அப்பாயி, சவூதியில் இருக்கும் பேத்தியின் பழைய குரல்பதிவைத் தினமும் படுக்கப் போகுமுன் கேட்கிறார். "அப்பாயி, சாப்பிட்டீங்களா" என்று தொடங்கும் பதிவு. அவருக்குப் போனில் அது ஒன்றை மட்டும் திறக்கத் தெரியும். கடிதமாக வந்திருந்தால் படித்துக் காட்ட ஓர் ஆள் தேட வேண்டும், படித்தவருக்கு வீட்டு இரகசியமும் தெரிந்துபோகும்.

ஆனால் சங்கச் செய்திக்குக் குரல்பதிவு சரிவராது. இரண்டு நிமிடம் பேசுவார்கள், அடக்கம் எத்தனை மணிக்கு என்பது கடைசியில் வரும். வேலைத் தலத்தில் அதைச் சத்தமாகப் போட்டுக் கேட்க முடியாது. மாதக் கடைசியில் டேட்டா தீர்ந்த போனுக்கு அது இறங்கவும் இறங்காது. எழுத்தென்றால் ஒரு பார்வையில் முடியும், மறந்தால் மறுபடி பார்க்கலாம். எழுத்துச் செய்தியோடு இருபது விநாடிக் குரலையும் சேர்த்துப் போடுவது நல்லது. அதுமட்டும் தனியாகப் போதாது.

நேரே அழைத்துச் சொல்வது பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. தொண்ணூறு வீட்டுக்கு ஒருவரே அழைத்து முடிப்பதற்குள் பாதி நாள் போய்விடும். மிஸ்ட் கோலைச் சைகையாக வைக்கலாம் என்று ஒரு தம்பி சொன்னார், இரண்டு தடவை அடித்தால் கூட்டம், மூன்று தடவை அடித்தால் கேதம் என்று. ஒரு மிஸ்ட் கோல் தவறிப்போனால் கேதம் கூட்டமாகிவிடும். அதை நான் ஏற்கவில்லை.

கடைசியாக ஆள். மனத்தளவில் இதுதான் எனக்கு நெருக்கம். தோட்டத்துக்குக் கடிதம் வந்தால் முதலில் காரியாலயத்துக்கு வரும், அங்கிருந்துதான் லயத்துக்கு வரும். தந்தி என்றால் பிரிப்பதற்கு முன்பே அழுகை எழும். அந்தக் காலத்திலும் கேதத்தை மட்டும் ஆள் வந்துதான் சொன்னார். வாசலில் நின்று பெயர் சொல்லி அழைப்பார். சொல்லிவிட்டு உடனே திரும்ப மாட்டார், வீட்டார் அழுது முடிக்கும்வரை பக்கத்தில் நிற்பார். நெஞ்சு அடைத்தவருக்குத் தண்ணீர் கொடுக்க ஒரு கை இருக்கும். திரையில் செய்தி படிக்கும் ஒருவர், அந்த நேரத்தில் லயத்துக் காம்பரா அறையில் தனியாக இருக்கலாம். அவருக்கு யார் இருக்கிறார்கள்?

ஆனாலும் பழையபடி என்று சொல்பவர்களிடம் நான் ஒன்று கேட்டேன். பழையபடி என்றால் யார் போவது? கேதம் சொல்லப் போவதும் தப்படிப்பதும் எங்கள் தோட்டங்களில் குறிப்பிட்ட சில வீட்டாரின் தலையில் சாதியின் பெயரால் கட்டப்பட்ட வேலையாக இருந்தது. மழையோ பனியோ, பக்கத்துத் தோட்டமோ பத்து மைலோ, அவர்கள்தான் போக வேண்டும். சொன்ன வீட்டில் வாசலுக்கு வெளியேதான் நிற்க வேண்டும். போன் வந்ததும் அந்தச் சுமை பேச்சில்லாமல் இறங்கியது. அந்த வீட்டுப் பிள்ளைகளுக்குக் குறுஞ்செய்தி செய்த நன்மை இது, யாரும் எழுதி வைக்காத நன்மை. ஆள் அனுப்புவதைத் திரும்பக் கொண்டுவரும்போது அந்த ஏற்பாட்டையும் சேர்த்துக் கொண்டுவர நான் சம்மதிக்க மாட்டேன். லயத்துக்கு ஒருவர், எல்லா வீட்டாரும் முறை வைத்து. அப்படியானால் மட்டுமே ஆள். வேலை நாளில் போகிறவருக்கு அரைப் பேர் போகும் என்றால் அந்தக் காசைச் சங்கம் கொடுக்க வேண்டும். அது சங்கம் செய்யும் உபகாரம் அல்ல, அவருக்குச் சேர வேண்டிய கூலி.

மண்சரிவு எச்சரிக்கையை இந்த ஒப்பீட்டிலேயே சேர்க்கக் கூடாது என்பது என் கருத்து, ஏனென்றால் அங்கே தெரிவு செய்ய இடமில்லை. 2014 ஒக்டோபர் 29 காலை கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை இறங்கி லயங்களை அப்படியே மூடியது. அந்தப் பெயரைச் சொல்லும்போது எங்கள் ஊரில் இன்றும் பேச்சு நின்றுவிடும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கையை மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று மூன்று நிலையில் விடுகிறது. மஞ்சள் என்றால் விழிப்பாக இரு, செம்மஞ்சள் என்றால் வெளியேறத் தயாராகு, சிவப்பு என்றால் வெளியேறு. மாலையில் மஞ்சளாக இருந்தது நள்ளிரவில் சிவப்பாகலாம். நள்ளிரவில் யார் போனைப் பார்க்கிறார்கள்? கோயில் ஒலிபெருக்கி இருக்கிறது, ஆனால் மின்சாரம் போனால் அதுவும் ஊமை. கோயில் மணிக்கு மின்சாரம் வேண்டாம். குழுவில் படம் வந்தால் ஓடுவதற்கு முன் இடர் முகாமைத்துவ நிலையத்தின் 117-க்கு ஒருவர் அழைத்துக் கேட்கட்டும். உண்மையான எச்சரிக்கை என்றால் மணியை அடித்துவிட்டுக் கதவு கதவாகத் தட்டட்டும். கதவைத் தட்டும் கைக்குப் பதிலாக வேறெதையும் நான் நம்பவில்லை.

ஆக, கூட்டத்தில் நான் சொல்லப்போவது இதுதான். கேதத்துக்கு இரண்டு காரியமும் நடக்க வேண்டும். இறந்தவரின் இரத்த உறவுக்கும், டச் போன் இல்லாத வீடுகளுக்கும் முதலில் ஆள். ஆள் புறப்பட்ட பிறகுதான் குழுவில் செய்தி. இந்த வரிசையை மாற்றக் கூடாது, ஏனென்றால் குழுவில் போட்ட மறுநிமிடம் செய்தி நம் கையில் இல்லை. வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருப்பவர்களுக்குக் குழுவை விட்டால் வழியில்லை, அது இருக்கட்டும். கூட்டத்துக்கும் சந்தாத் திகதிக்கும் தமிழில் குறுஞ்செய்தி, 70-க்குள். வரவுசெலவுக் கணக்கைக் கடதாசியில் எழுதி அதன் படத்தைக் குழுவில் போடலாம், யார் வேண்டுமானாலும் பெரிதாக்கிப் பார்க்கட்டும். குழுவில் நிர்வாகிகள் மட்டும் எழுதும்படி மாற்றிவிட வேண்டும். இளைஞர்களுக்கு இது பிடிக்காது, அவர்கள் தனியாக ஒரு குழு வைத்துக்கொள்ளட்டும். பாக்கி வைத்தவர் பெயர் எந்தத் திரையிலும் வரக் கூடாது. பொருளாளர் மாமா வாசலுக்குப் போய்க் கேட்கட்டும்.

குறுஞ்செய்திக்கான ரீலோட் காசு சங்கப் பணத்தில் போவதா, நிர்வாகிகள் பகிர்ந்துகொள்வதா என்பது மட்டும் இன்னும் பேசித் தீரவில்லை. சங்கப் பணம் என்பது என் கட்சி.

நேற்று சனிக்கிழமை, மேல் லயத்துக்குப் போனேன். தம்பியை இழந்த அந்தப் பெரியவரின் நம்பருக்குக் கூட்டச் செய்தியை முதல் நாளே ஒரு தடவை அனுப்பிப் பார்த்திருந்தேன், சேரவில்லை. போனை வாங்கித் திறந்ததும் காரணம் தெரிந்தது. செய்திப் பெட்டி நிரம்பிக் கிடந்தது. பரிசு விழுந்தது, பக்கேஜ் எடுங்கள், பாட்டு வையுங்கள் என்று அவர் ஒருநாளும் திறக்காத விளம்பரங்கள். இடமில்லாத பெட்டிக்குப் புதுச் செய்தி எப்படி வரும்? அவர் தேத்தண்ணீர் ஊற்றுவதற்குள் ஒவ்வொன்றாக அழித்தேன். கோப்பை வெறுமையாகும்வரை அழித்தும் பாதிதான் முடிந்திருந்தது, மிச்சத்தை அவர் பேரன் அழித்தான். பிறகு என் போனிலிருந்து மறுபடி அனுப்பினேன், கடைசிப் புள்ளி இல்லாமல். அவர் கையில் போன் ஒலித்தது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசல் வெளிச்சத்துக்குப் போய் நின்று எழுத்துக் கூட்டிப் படித்தார். நா-ளை. கா-லை. ஒன்பது. 'மண்டபம்' என்ற இடத்தில் சற்று நின்று மூச்சு வாங்கிக்கொண்டு, 'வரவும்' வரைக்கும் தானே படித்து முடித்தார்.